முனியப்பனின் கடைசி அறிக்கை

என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நான் தெரியவில்லை என்பதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். முதல் இரண்டு நாளும் எனக்கு எந்த வித்தியாசமும் படவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. சொன்னதற்குப் பதில் இல்லை. எதிரே போய் நின்றால் என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். இதில் புதிதாக என்ன இருக்கிறது? கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

தட்டை வைத்தேன், தோசை போட்டேன், சாப்பிட்டார். தோசை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை. எப்போதும் அது அப்படித்தான் வந்து விழுகிறது.

புதன்கிழமை சாயங்காலம்தான் குட்டு உடைந்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர். நான் விளக்குமாற்றோடு டிவிக்கு நேர் எதிரே போய் நின்றேன். மற்ற நாளாக இருந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பார். அன்றைக்குச் சத்தமே இல்லை. சட்டென்று கைதட்டினார். திரும்பிப் பார்த்தேன், உண்மையிலேயே சிக்ஸர். மனிதர் என் வயிற்றின் வழியாக மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

பயத்தில் அவர் கையைக் கிள்ளினேன். "எறும்பு" என்று தட்டிவிட்டார். இன்னொரு முறை பலமாகக் கிள்ளினேன். எழுந்துபோய்ப் பூச்சி மருந்து அடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றி நிறையத் திருநீறும் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. காதுக்குப் பின்னால் பொட்டு என்கிற சிப்பைப் பதித்துக்கொள்ளாதவர்கள் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? ரேஷன், பாங்க், பஸ் எல்லாம் அதில்தான். அந்தப் பொட்டு வழியாக நம் கண்ணுக்கும் காதுக்கும் யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம் என்பதால் ஆளுக்கொரு காவல் தேவைப்படுகிறது. கடைக்காரர்கள் அதை ஃபயர்வால் என்பார்கள். அரசாங்கக் கடிதங்களில் தீயரண் என்று வரும். எங்கள் தெருவில் சுவர். அது இல்லாமல் ஒரு தரம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏறினால் போதும், வீடு திரும்புவதற்குள் கண்ணுக்குள் நாலு நகைக்கடையும் காதுக்குள் ஏழு பிளாட் புரோக்கரும் குடியேறிவிடுவார்கள்.

நாங்கள் ஒன்பது வருடமாக வைத்திருந்தது முனியப்பன். சரவணம்பட்டியில் நாலைந்து இன்ஜினியர்கள் சேர்ந்து செய்தது. திறந்தால் பெரிய மீசையும் அரிவாளுமாக ஓர் உருவம் வந்து நிற்கும். நம்ம ஊர் ஆள், நம்ம ஊர்ப் பழக்கம் தெரியும். கோயமுத்தூரில் பாதிப் பேர் முனியப்பன், மீதிப் பேர் வேலி.

இரண்டும் ஒரே மாதத்தில் நின்றுபோயின. முனியப்பனை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கி, வாங்கிய கையோடு மூடிவிட்டது. வேலியை நடத்திய அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினை. உள்ளே வருவதைத் தடுக்கும் பகுதி அண்ணனுக்கு, வெளியே போவதைத் தடுக்கும் பகுதி தம்பிக்கு. பேச்சுவார்த்தை இல்லாததால் இரண்டையும் ஒரே மண்டையில் ஓட்டமுடியாது.

என் வீட்டுக்காரரின் முனியப்பன் திங்கட்கிழமையோடு முடிந்தது. என்னுடையது ஆறு நாள் பிந்தி வாங்கியது, ஞாயிறு வரை இருந்தது. புதுச் சுவர் எது என்று ரேஸ்கோர்ஸில் அவரோடு நடக்கிற கோஷ்டியில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. 'படுதா' என்று ஒன்று இருந்தது, இலவசம். விளம்பரங்களை மட்டும் நிறுத்தும், அதற்குக் கூலியாக ஒரு மணிக்கொரு தரம் தன் விளம்பரத்தைப் பாடும். "சாக்குத்துணிய மாட்டிட்டு ஊருக்குள்ள நடக்கச் சொல்றியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். கடைசியில் அவர் வாங்கியது 'ஹெல்கா'. வருடத்தில் எட்டு மாதம் பனி பெய்கிற தேசத்துச் சரக்கு. நாற்பது லட்சம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களாம். நாற்பது லட்சத்தில் ஒருவர்கூடச் சிங்காநல்லூர் தாண்டி வந்திருக்க மாட்டார் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முனியப்பனில் அவருக்குத் தெரியாமல் நான் ஒரு விதி போட்டிருந்தேன். காலை ஆறிலிருந்து ஏழரை வரை அவர் குரல் மட்டும் எனக்குக் கேட்காது. அவர் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பார். அதுவும் எனக்காக, உரக்க. தேங்காய் விலை, கொப்பரை விலை, மேம்பாலம், கண்ணீர் அஞ்சலி என்று வரி விடாமல் படிப்பார். வாங்கிய முதல் நாளே அந்த விதியைப் போட்டேன். வாய் அசைவது தெரியும். நான் கீரை ஆய்ந்தபடி நடுநடுவே "ம்ம்" போடுவேன். ஒன்பது வருடமாக எங்கள் வீட்டுக் காலைப்பொழுது இப்படித்தான் அமைதியாக விடிகிறது. இதைத் தப்பென்று நான் அப்போது நினைக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளாவது "நீ சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதரின் தேங்காய் விலையை மட்டும் நான் ஏன் கேட்க வேண்டும்?

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் கிராஸ்கட் ரோட்டில் பௌசியாவின் கடைக்குப் போனேன். முப்பது வயதுப் பெண். சுவர் விஷயத்தில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. கடை வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். என் முறை வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஹெல்காங்களாம்மா?"

"ஆமா கண்ணு. என்ற வீட்டுக்காரருக்கு நான் தெரியறதில்ல."

"வெச்ச அன்னைக்கு மத்தியானம் அவருக்கு ரசம் ஊத்துனீங்களா?"

நான் திகைத்துப் போனேன். "ஊத்தாம? கொழம்பும் ஊத்துனேன், ரசமும் ஊத்துனேன்."

"அவரு வேண்டாம்னாரா?"

"வேண்டாம், போதும்னு கையக் குறுக்க வெச்சாரு. அது எப்பவும் சொல்றதுதானே? வேண்டாம்னா நாம உட்டுருவமா?"

"எத்தன தரம் சொன்னாரு?"

"கொழம்புக்கு மூணு தரம்."

"நீங்க?"

"கைய நகத்திட்டு ஊத்துனேன்."

பௌசியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அவிங்க ஊர்ல ஒருக்கா வேண்டாம்னா வேண்டாம்தான். சொவத்துக்குச் சொந்தக்காரர் மூணு தரம் மறுத்த பிற்பாடும் ஒருத்தர் உள்ள நொழைஞ்சா, ஹெல்காவப் பொறுத்த வரைக்கும் அது தாக்குதல். தாக்குதல் எங்கிருந்து வருதோ அந்த ஆளையே மறைச்சுப்போடும். உருவம், குரல், போன், எழுதிக் குடுத்தா எழுத்து, ஒண்ணும் தெரியாது."

"மாமியார் வீட்டுக்குப் போறவங்க கதியெல்லாம் என்னாகும்?"

"அதத்தான் காலைல இருந்து பாத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம பேரூர்ல ஒரு சீர். பந்தில உட்கார்ந்த பாதிப் பேருக்குச் சீர் வெச்ச வீட்டுக்காரங்களே தெரியலியாம். சொல்லாமயே கெளம்பிட்டாங்கன்னு ஒரே சண்டை. ஒரு அம்மாவுக்கு மட்டும் மருமகளோட அம்மா தெரியாமப் போயிருக்குது. அவங்கதான் ரிப்பேரே வேண்டாம்னு போயிட்டாங்க."

"நம்ம முனியப்பன் ஒருநாளும் இப்படிப் பண்ணலியே."

"முனியப்பனுக்கு மூணாவது வேண்டாமுக்கு அப்புறம்தான் காதே கேக்கும். நம்மூர்ப் பசங்க எழுதுனதில்லீங்களா? வாங்குனவங்க அத வெறும் பிழைன்னு சொல்லி மூடிட்டாங்க."

ஹெல்காவைக் கழற்றினாலும் மறைப்பு பொட்டிலேயே தங்கிவிடுமாம். சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. உடைமையாளரே தன் வாயால், மறைந்தவர் பெயரைச் சொல்லி, அவர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஹெல்கா நாடித்துடிப்பையும் பார்க்கும். ஒப்புக்குச் சொன்னால் எடுத்துக்கொள்ளாது. எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய்", "இந்தா", நல்ல மனநிலையில் இருந்தால் "அம்மிணி". மோனிஷா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்கு ரேஷன் வாங்கும்போதுதான் ஞாபகம் வரும்.

பௌசியாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் சோபாவில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் பையில் என் போன் அடித்தது. பன்னிரண்டாவது தடவை. எடுத்து "ஏனுங்க" என்றேன். "லைனே கெடைக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்தபடி வைத்தார். காலையில் காபி வந்து விழாததும் நான் கோபித்துக்கொண்டு உடுமலைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன் என்று முடிவு கட்டியிருந்தார்.

"சார், அம்மா எங்கயும் போகல" என்றாள் பௌசியா. "இங்கதான், எம்பக்கத்துல நிக்கறாங்க. உங்க ஹெல்கா மறைச்சு வெச்சிருக்குது."

அவர் அவளுக்கு வலது பக்கம் பார்த்தார். நான் இடது பக்கம் நின்றிருந்தேன்.

"நானொண்ணும் பண்ணலீங்களே" என்றார். எது நடந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது இதுதான்.

பௌசியா குழம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு கையோடு கொண்டுவந்த சோதனைப் பலகையை அவர் பொட்டோடு இணைத்துவிட்டு, "சரிங் சார், கேக்கறேன், பதில் சொல்லுங்க. அம்மா வேணுங்களா?" என்றாள்.

முன்பின் தெரியாத பெண் இப்படி நேருக்கு நேர் கேட்டதும் மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. நெளிந்தார். "அட, அதெல்லாம் எதுக்குங்க. இருக்கட்டுங்க" என்றார்.

டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற அதே குரல். பலகையில் மணி அடித்தது.

பௌசியா கத்தியே விட்டாள். "ஐயோ சார்! மறுப்புன்னு பதிஞ்சிருச்சு! இன்னும் ஒரே ஒரு வாட்டிதான் கேக்கும். அப்பவும் மறுத்துட்டீங்கன்னா நெரந்தரம். பொட்டையே மாத்துனாலும் அம்மா தெரியமாட்டாங்க!"

இரண்டு நாள் தெரியாமல் இருந்தது எனக்கே தெரியவில்லை, உண்மைதான். ஆனால் சாகிற வரைக்கும் என்று ஒருத்தி சொல்லிக் கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. நாளைக்கு நான் இதே ஹாலில் மயங்கி விழுந்தால் இவர் என்னைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது தெரியாததுதான் அப்போது ஒரே வசதி.

அவர் முகமும் செத்துப்போயிருந்தது. "இப்ப என்ன சொல்லோணும்?"

"வேணும்னு சொல்லோணும் சார். பேரோட."

"அவ இஷ்டம்ங்க. அவளுக்கு வேணும்னா..."

"தெளிவில்லைன்னு வருது. உங்க இஷ்டத்தச் சொல்லுங்க சார்."

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"தெளிவில்லை."

"ஏம்மா, வீடுன்னா பொம்பள இல்லாம எப்படீங்க?"

"அது பொதுவாப் பேசறீங்கன்னு சொல்லுது சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் எங்கே நிற்கிறேன் என்று பௌசியாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நான் எப்போதும் அடுப்படியில்தான் இருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பக்கம் திரும்பி, ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசினார்.

"மோனிஷா. மூணு நாளா ஊடு ஊடாவே இல்ல. உன்ற குரலு கேக்காம எனக்குத் தூக்கமே வரல. எனக்கு நீ வேணும். போதுமா?"

பலகை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சையானது.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "இந்தப் பக்கமுங்க" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார். என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு முறை பார்த்தார். நானும் காத்திருந்தேன்.

"பசிக்குது" என்றார்.

பாருங்கள், அப்போதும் "நீ சாப்பிட்டியா" வரவில்லை.

பௌசியா அங்கேயே ஹெல்காவைக் கழற்றி எறிந்துவிட்டு அவருக்குப் படுதாவை மாட்டினாள். சாக்குத்துணியைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. போகும்போது அவளுக்குக் காபி கொடுத்தேன். "வேண்டாம்மா, இருக்கட்டும், இப்பத்தான் குடிச்சேன்" என்று மூன்று முறை மறுத்துவிட்டு வாங்கிக் குடித்தாள். அவள் சுவர் அவளே எழுதிக்கொண்டது.

பெண்ணுக்குப் போன் போட்டு அவர் ஃப்ரிட்ஜிடம் பேசியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சனிக்கிழமை முழுக்க எனக்கு அதே வேலை. எனக்கு நடந்த அநியாயத்தை எதிர்வீட்டிலும் சொன்னேன், கீரைக்காரம்மாவிடமும் சொன்னேன். கட்டின மனைவியை ஒரு சுவர் மறைக்கலாமா என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் முனியப்பனும் விடைபெற்றான். கடைசியாக ஒரு தரம் மீசையோடு வந்து நின்று கும்பிட்டு, ஒன்பது வருடத்தில் எனக்காக நிறுத்தியவற்றின் அறிக்கையை வைத்துவிட்டுப் போனான். இன்ஜினியர்கள் கம்பெனியை மூடுவதற்கு முன்பு செய்த கடைசி வேலை அதுவாம். அவர் மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சாவகாசமாக உட்கார்ந்து படித்தேன். சேலைக் கடை விளம்பரம், லட்சக்கணக்கில். பிளாட் புரோக்கர்கள், எண்ணி மாளாது. முழங்கால் வலித் தைலம், ஒரு பட்டாளமே வந்திருக்கிறது.

கடைசியில் தனிப் பக்கமாக என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. 'நிஷாந்த், காலை ஆறு முதல் ஏழரை வரை.' கீழே, அடிக்கடி வந்த வாக்கியங்கள். தேங்காய் விலைதான் முதலில் இருக்கும் என்று நினைத்தேன். தேங்காய்க்கு இரண்டாம் இடம்.

முதலிடத்தில் இருந்தது: 'நீ காபி குடிச்சியா அம்மிணி?' இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை.

முதன்முதலாக வந்த நாளும் போட்டிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள். அன்றிலிருந்து ஒருநாள் விடாமல், ஏழேகாலுக்கு, பேப்பர் முடிகிற நேரத்தில்.

ஒலியும் இருந்தது. தொட்டேன். அவர் குரல்தான். கேட்டு முடித்ததும் கொஞ்சம் இடைவெளி, பிறகு என் குரல். "ம்ம்."

ஒவ்வொன்றிலும் "ம்ம்". குடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் எழுந்து குளிக்கப் போயிருக்கிறார். நான் எட்டு வருடமாக அந்த ஒரு கேள்விக்காக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், மனதிலும் ஊரிலும். வெட்கமாக இருந்தது. நேற்றுக் கீரைக்காரம்மாவிடம் கேட்ட நியாயத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

பௌசியாவைக் கூப்பிட்டேன். "கண்ணு, எனக்கும் இன்னைக்கே சுவர் வேணும்."

"உங்களுக்கு நல்லதா ஒண்ணு எழுதித் தரேன்ம்மா. நேரம் வெச்சு, ஆள் வெச்சு அடைக்கலாம்."

"வேண்டாம். படுதாவே போடு."

"அதுல மனுஷங்கள அடைக்க வழியில்லீங்களேம்மா? வெளம்பரம் மட்டுந்தான் நிக்கும்."

"அதனாலதான் கேக்கறேன்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் பேப்பரோடு உட்கார்ந்தார். நான் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக முழுதும் கேட்டேன். அடேயப்பா, என்ன கொடுமை. கொப்பரை விலை இறங்கியதற்கு மூன்று காரணம் சொன்னார். உக்கடத்துப் பாலத்தில் யாரோ பேனர் வைத்ததற்கு என்னைத் திட்டுகிற மாதிரித் திட்டினார். கண்ணீர் அஞ்சலியில் ஒருவருக்கும் விலக்கில்லை, பேரன் பேத்திகள் பெயர் வரை படித்தார். நடுவில் படுதா வேறு பற்பசை விளம்பரத்தைப் பாடியது. அது தேவலை என்று இருந்தது. ஏழு மணிக்கு, அந்த விதியைப் போட்ட என்னை நானே கொஞ்சம் மன்னித்துவிட்டேன்.

ஏழேகாலுக்குப் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தபடி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"நீ காபி குடிச்சியா அம்மிணி?"

கேட்டுக்கொண்டே பாதி எழுந்துவிட்டார். பதில் என்ன என்பதுதான் அவருக்குத் தெரியுமே.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அடுப்படிக்குள் போனார். பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"சக்கரை எங்க இருக்குது?" என்று குரல் வந்தது.

'வேண்டாம், இருக்கட்டுங்க, நானே போட்டுக்கறேன்' என்பது நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"ரெண்டாவது தட்டுலீங்க. செவப்பு மூடி போட்ட டப்பா."